பசுவுக்குப் போன கீரை

பொழுது சாயத் தொடங்கினால் அம்மாக்கண்ணுவின் கண் வாசலுக்கே போகும். மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் தெருப்புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பும் நேரம் அது. மற்ற வீட்டுக் குழந்தைகள் குட்டிகளைத் துரத்திக்கொண்டு கத்திக் கூத்தாடும். அவள் மகள் பூமாலை மட்டும் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வாசற்சுவரில் முதுகை ஒட்டி நின்றுவிடுவாள். நின்றால் நின்றதுதான். யாராவது கையைப் பிடிக்கும்வரை ஓரடி எடுத்துவைக்க மாட்டாள்.

அன்றும் அப்படித்தான் நின்றாள்.

“பூமால, உள்ள வாடி. கஞ்சி ஆறிப்போவுது.”

“வெளக்கு ஏத்தும்மா, வரேன்.”

அம்மாக்கண்ணு அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டாள். விளக்கு ஏற்றி வெகுநேரம் ஆகியிருந்தது. மாடத்தில் சுடர் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. போன வாரம்வரை அந்த வெளிச்சமாவது குழந்தைக்கு மங்கலாகத் தெரிந்தது. இன்று அதுவும் இல்லை.

கையைப் பிடித்து அழைத்து வந்து அடுப்புக்கு எதிரே உட்காரவைத்தாள். கிண்ணத்தை எடுக்க இந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், பூமாலை கிண்ணம் என்று நினைத்துக் கொதிக்கும் பானையை நோக்கிக் கை நீட்டினாள். அம்மாக்கண்ணு பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். குழந்தை சிரித்தது.

“ஏம்மா இப்படிப் புடிக்கற? வலிக்குது.”

கயிற்றுக்கட்டிலில் இருந்த அம்மாக்கண்ணுவின் புருஷன் ராசாங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பன்மார் பயத்தை அப்படித்தான் மறைக்கிறார்கள்.

சிறுவாச்சூருக்குக் கிழக்கே ஒரு மணி நேர நடையில் இருந்தது அவர்கள் ஊர். இரண்டு காணி மானாவாரி, ஒரு கிணறு, அதைச் சுற்றிக் கொஞ்சம் பாசன நிலம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசி அளந்துதான் கிடைத்தது. கம்பும் வரகும் உள்ள வீடே கொடுத்துவைத்த வீடு. பங்குனியில் பூமாலைக்கு மணல்வாரி அம்மை போட்டது. வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி இறக்கினார்கள். உடம்பு தேறியது. ஆனால் சித்திரை பிறந்ததும் அந்திப்பார்வை போயிற்று. நாட்டு வைத்தியர் நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொன்னார். விட்டார்கள். ஒன்றும் தெளியவில்லை.

வீட்டில் நான்காவது ஆள் ராசாங்கத்தின் அக்காள் தனம். புருஷனை இழந்தவள். அவளுடைய ஒரே பிள்ளையும் இதே மணல்வாரியில்தான் போயிருந்தான், நான்கு வயதில். “அம்மை எறங்கினா கூழு ஊத்தறேன்னு நேர்ந்தேன். எறங்கிச்சு. இன்னிக்கு நாளைக்குன்னு ஒத்திப்போட்டேன். திரும்பக் காய்ச்சல் கண்டு எட்டாம் நாளு போயிட்டான்.” இதை அவள் அழாமல் சொல்லுவாள். கேட்பவர்களுக்குத்தான் குலை நடுங்கும்.

அந்தத் தனம்தான் ஒரு வெள்ளிக்கிழமை, கிணற்றடிக் கீரைப்பாத்தியைக் காட்டி அம்மாக்கண்ணுவிடம் சொன்னாள்.

“நம்மகிட்ட வேற என்ன இருக்கு? பச்சையா இருக்கறது இது ஒண்ணுதான். ஆத்தா கண்ணக் குடுத்தா போதும்னு இத நேர்ந்து வுட்டுடு. ஒரு மண்டலம், திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் கோயில் மாட்டுக்கு இந்தக் கீரை. அதுவரைக்கும் இந்த வூட்டு அடுப்புல ஒரு எல வேவக் கூடாது.”

அம்மாக்கண்ணு தாலிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நேர்ந்துகொண்டாள்.

பாத்தி வந்த கதையும் சொல்ல வேண்டும். யுத்தப் பஞ்சத்துக்காக ஊர் ஊராக உணவுப்பயிர் போடச் சொல்லிச் சர்க்கார் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்படி ஐப்பசி மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் வைத்திலிங்கம், விவசாய இலாகாவில் வேலை. தண்டுக்கீரை, பூசணி, அகத்தி விதைகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்து, வாங்கியவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதினார். பெயர் எழுதுகிறார் என்றதும் ராசாங்கம் பின்வாங்கினான்.

“நெல்லுக்கு லெவின்னு சர்க்காருக்குப் பங்கு கேட்டாங்க, குடுத்தோம். நாளைக்குக் கீரைக்கும் லெவின்னு வந்து நிப்பீங்க.”

“கீரைய மூட்ட கட்டி ஆபீசுக்குக் கொண்டுபோனா பாதி வழியிலயே வாடிப்போயிடும் ராசாங்கம். அத எந்த சர்க்கார் கேக்கும்? உங்க வூட்டுல நீங்க திங்கறதுக்குத்தான் இது. சோத்துல பாதி கீரையாப் போனா அரிசியும் மிஞ்சும், உடம்பும் தேறும்.”

விதை முளைத்தது. கிணற்று வாய்க்கால் ஓரம் அகத்தி ஆள் உயரம் நின்றது. ஊரெல்லாம் காய்ந்து கிடந்த சித்திரையிலும் அந்த ஒரு துண்டு நிலம் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. அந்தப் பச்சையைத்தான் இப்போது வாரம் இரண்டு முறை அறுத்து, கட்டிச் சுமந்து, அம்மாக்கண்ணு கோயில் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தாள். வீட்டில் கம்பங்கஞ்சியும் உப்பும். சில நாள் அதற்கு ஒரு மிளகாய். பூமாலை மட்டும் கேட்பாள், “அம்மா, கீர கடையலயா?” என்று. தனம் வாயில் விரலை வைத்துக் காட்டுவாள். அந்தி நேரமானால் அதுவும் குழந்தைக்குத் தெரியாது.

நேர்ந்துகொண்ட இருபத்தைந்தாம் நாள் வைத்திலிங்கம் பாத்தியைப் பார்க்க வந்தார். அகத்தியின் செழிப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“பெரம்பலூர் பக்கம் இருபது ஊரு சுத்திட்டேன் ராசாங்கம். இப்படி ஒரு பாத்திய எங்கயும் பாக்கல. புள்ளைங்க தெனம் கீரை திங்குதா?”

அம்மாக்கண்ணு தனத்தைப் பார்த்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. அப்போது பூமாலை வரப்பைக் காலால் தடவித் தடவி வந்தாள். வந்தவள், வழியில் நிறுத்தியிருந்த சைக்கிளில் நெற்றியை மோதிக்கொண்டாள். மணி கிணுங் என்றது. வைத்திலிங்கம் ஓடிப்போய்த் தூக்கினார். தூக்கியவர் குழந்தையின் முகத்தை மேற்குப்பக்கம் திருப்பி, இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். வெள்ளைவிழி ஈரமில்லாமல், பழைய கிளிஞ்சல்போல மங்கியிருந்தது. இடது கண்ணின் ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்தாற்போல ஒரு புள்ளி. அடி பட்டும் குழந்தையின் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

“எத்தன நாளா இப்படி?”

“சித்திரையிலேருந்து” என்றாள் அம்மாக்கண்ணு.

“இது மாலைக்கண்ணும்மா. அரியலூர்ல ஒரு புள்ளைக்கு இப்படியேதான் இருந்துச்சு. கவனிக்காம வுட்டாங்க. கருவிழியில பூ வுழுந்து ரெண்டு கண்ணும் போச்சு. மீனெண்ணெய் குடுத்தா கேக்கும், இந்த யுத்தத்துல அது எங்க கெடைக்குது? ஆனா மருந்து உங்க கெணத்தடியிலயே நிக்குது. இன்னிக்கே அகத்திய வேகவச்சு, ஒரு கரண்டி எண்ணெ வுட்டுக் குடுங்க. தெனம் ரெண்டு வேள.”

“அது நேர்ந்து வுட்டதுங்க” என்றாள் தனம். குரல் உயரவில்லை. “அதுல கை வச்சா கண்ணோட போவாது. உசுரோட போவும்.”

“நான் சாமியக் கொற சொல்லலம்மா. எங்க வூட்டுலயும் சாமி இருக்கு. ஆனா...”

“ஐயா, நீங்க வெத குடுத்தீங்க, நல்லா இருப்பீங்க. ஆத்தா சமாச்சாரம் ஒங்க நோட்டுல எழுதற சமாச்சாரம் இல்ல. கெளம்புங்க.” இதைச் சொன்னது ராசாங்கம்.

வைத்திலிங்கம் கிளம்பினார். போகும்போது அம்மாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார். “தள்ளிப்போட நாளு இல்லம்மா” என்று மட்டும் சொன்னார்.

அன்றுமுதல் அம்மாக்கண்ணுவுக்கு உறக்கம் ஏது? கீரையைக் கொடுக்காவிட்டால் கண் போய்விடும் என்கிறார் ஒருவர். கொடுத்தால் உயிர் போய்விடும் என்கிறாள் ஒருத்தி. அவரோ ஊர் ஊராகப் பார்த்தவர். அவளோ பிள்ளையைப் பறிகொடுத்தவள். யாரை நம்புவது? அடுப்பு மூட்டும்போதும் ஏற்றம் இறைக்கும்போதும் குழந்தையின் கண்ணையே பார்த்தாள். புள்ளி பெரிதாகிறதா? நேற்றைவிட இன்று பெரிதுதானோ? பார்க்கப் பார்க்கப் பெரிதாவதுபோலவே இருந்தது. பாத்தியில் கீரை அறுக்கும்போது கைகள் அகத்திக் கொத்தை நோக்கிப் போகும். உடனே தனத்தின் பிள்ளை, அவள் பார்த்தேயிராத அந்தப் பிள்ளை, எட்டாம் நாள் காய்ச்சலோடு கண்முன் வந்து நிற்பான். கொத்தைக் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூமாலையையும் இடுப்பில் சுமந்துகொண்டு சிறுவாச்சூருக்கு நடந்தாள். நல்ல உச்சிப்பொழுது. கோயிலில் கூட்டம் நெரிந்தது. உள்ளே இருட்டுக் கட்டியிருந்தது. கற்பூரத் தட்டு அருகே வந்ததும் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள்.

“பாருடி, ஆத்தாளப் பாரு. தெரியுதா?”

பூமாலை முகத்தை முன்னால் நீட்டினாள். “சுடுதும்மா” என்றாள். “என்ன சுடுது?” என்று அவளே கேட்டாள்.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கோயில் மாடு கட்டியிருக்கும் கொட்டகைக்கு வந்து, கீரைக்கட்டையும் குழந்தையையும் இறக்கிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடியிருப்பாள். திறந்தபோது பூமாலை தரையில் உட்கார்ந்து, மாட்டுக்குக் கொண்டுவந்த கட்டிலிருந்து அகத்தி இலையை உருவி உருவி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். கசப்புக்கு முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் விடவில்லை.

“ஐயோ, துப்புடி! துப்பு!”

குழந்தையின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு இலையைத் தோண்டினாள். பூமாலை வீறிட்டாள்.

“அடி ஆத்தி! என்னா தாயி, புள்ளை வாயில கெணறு வெட்டற?”

சாணிக்கூடையோடு நின்றவள் வீராயி. கொட்டகை கூட்டுகிற கூலிக்காரி. நாற்பது வயதிருக்கும். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய்.

“மாட்டுக்கு நேர்ந்ததத் தின்னுட்டா. நேர்ந்தது...” என்றாள் அம்மாக்கண்ணு.

“எந்த மாட்டுக்கு? இதுக்கா?” வீராயி மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “இந்த மவராசியப் பாரு. காலையிலேருந்து முப்பது பேரு கீரை நீட்டிட்டாங்க. வாங்கிக்க வாய் இருக்கு, வச்சிக்க வயிறு வேணாமா? திங்கக்கெழம வந்ததே அப்படியே கெடக்கு. வாரிக் குப்பைக்குக் கொட்டி எனக்கு இடுப்பு வுட்டுப்போச்சு.”

அம்மாக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பினாள். கொட்டகை மூலையில் கீரைக்கட்டுகள் குவிந்து கிடந்தன. கறுத்து, அழுகி, ஈ மொய்த்து. அவற்றின் நடுவே நீலக்கரைச் சேலைக் கிழிசலால் கட்டிய ஒரு கட்டு, முடிச்சுக்கூட அவிழாமல் கிடந்தது. அது அவள் கிழித்த சேலை. அவள் போட்ட முடிச்சு.

குனிந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதப் புள்ளைக்குக் குடுத்தா பாவம் வருமா?” என்று வீராயியைக் கேட்டாள்.

“என்னயா கேக்கற? நல்ல ஆளப் புடிச்ச போ. பாவ புண்ணியம் பேச நான் யாரு? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்த மாட்டோட வயிறு. அது ரொம்பிடுச்சு.” வீராயி குனிந்து பூமாலையின் வயிற்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். “இது ரொம்பல.”

அம்மாக்கண்ணு அன்று கொண்டுவந்த கட்டையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு திரும்பவும் சன்னிதிக்கு எதிரே போய் நின்றாள். கூட்டம் இடித்தது. அவள் நகரவில்லை.

“ஆத்தா, நான் படிச்சவ இல்ல. குடுத்தத மாடு திங்கல, எம் புள்ளையும் திங்கல. அழுவி மண்ணாப் போச்சு. இது ஒனக்குப் புடிச்சிருக்காதுன்னு எனக்குத் தோணுது. தப்பா இருந்தா எங் கண்ண எடுத்துக்க. அவள வுட்டுடு.”

பூ விழவில்லை. பல்லி சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. தைரியம் வந்ததென்று சொல்வதற்கில்லை. பயத்தோடுதான் திரும்பினாள். ஒரு கைப்பிடியை மாட்டின் முன்னால் வைத்துவிட்டு, மீதியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுப்பில் சட்டியை வைத்தபோது தனம் குறுக்கே வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. பீதிதான் இருந்தது.

“வேணாம் அம்மாக்கண்ணு. ஒன் கால்ல வுழறேன். நான் வாரிக் குடுத்தவ. எனக்குத் தெரியும்.”

“அண்ணி, அவ கற்பூரத்தப் பாத்து என்ன சுடுதுன்னு கேட்டா. அதுக்கப்புறம் எனக்கு வேற என்ன பயம் இருக்கு? வர்ற பாவம் எம்மேல வரட்டும். தள்ளிக்குங்க.”

“தம்பி, நீயாச்சும் சொல்லேன்டா!”

ராசாங்கம் எழுந்தான். மனைவியைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான். பிறகு உறியில் தொங்கிய கடலை எண்ணெய்ச் சட்டியை இறக்கி, அடுப்பின் அருகே வைத்தான்.

பூமாலை வயிறு முட்டத் தின்றாள்.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு நாளும் ஒரு யுகம். முதல் நாள் குழந்தையின் உடம்பு லேசாகச் சுட்டதுபோல் இருந்தது. தனம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தவள், அன்று சாப்பிடவில்லை. அது வெறும் வெயில் சூடு. மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று எண்ணினாள் அம்மாக்கண்ணு. பொழுது சாய்ந்தால் குழந்தை சுவரைத் தேடியது. எட்டாம் நாள் வந்தது. அன்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வேலை செய்தார்கள். பூமாலை மட்டும் கடைந்த அகத்தியைக் கம்பஞ்சோற்றில் பிசைந்து தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

பத்தாம் நாள் அந்தி. அம்மாக்கண்ணு தவிடு புடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் இருள் புகுந்துவிட்டது. பூமாலை நடுவில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தவள், சட்டென்று தலையைத் தூக்கினாள்.

“அத்த ஏன் அழுவுது?”

அம்மாக்கண்ணு திரும்பினாள். எதிர்மூலையில் தனம் உட்கார்ந்திருந்தாள். விசும்பல் இல்லை, மூக்கை உறிஞ்சவில்லை. சத்தமே இல்லாமல் கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணுவுக்கே கூர்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

முறம் கையிலிருந்து நழுவித் தவிடு சிதறியது.

“அத்த அழுவறது... ஒனக்கு எப்படிடி தெரியும்?”

“கன்னத்துல தண்ணி ஓடுதே. இதோ.” குழந்தை எழுந்து நேராக நடந்துபோய்த் தனத்தின் கன்னத்தில் விரலை வைத்தது.

தனம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிள்ளை போய் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

வலது கண் முழுவதும் தெளிந்தது. இடது கண் ஓரத்துப் புள்ளி மட்டும் போகவில்லை. வைத்திலிங்கம் பிறகு வந்து பார்த்துவிட்டு, “பார்வைக்கு ஆபத்தில்ல, இன்னும் பத்து நாளு போயிருந்தா சொல்றதுக்கில்ல” என்றார். அந்தப் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாக்கண்ணு மாட்டுக்குக் கொடுத்த நாட்களை எண்ணிப்பார்ப்பாள். திங்களும் வெள்ளியும் அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. வெறுங்கையோடு போய், கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஆடியில் மேலத்தெரு ராசாத்தியின் பெண்குழந்தைக்கு மணல்வாரி போட்டது. அம்மை இறங்கிய அன்று, தனம் ஒரு கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். அம்மாக்கண்ணு பின்னால் போனாள். ராசாத்தி வேப்பிலைக் கொத்துக்குப் பக்கத்தில், மஞ்சள்துணியில் காசு முடிந்துகொண்டிருந்தாள்.

“கண்ணு கெட்டுப்போவாம இருக்கணும் அக்கா. எங்க பாத்தியிலயும் கீரை வந்திருக்கு. அத அப்படியே ஆத்தாளுக்கு...”

தனம் கிண்ணத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். கடைந்த அகத்திக்கீரை, மேலே எண்ணெய் மின்னியது.

“நேர்ந்துக்க ராசாத்தி, ஆத்தாளுக்கு நேர்றது தப்பில்ல. ஒங் காசுல நேரு, ஒன் ஒழைப்புல நேரு, முடிய நேரு. புள்ள வாயில போக வேண்டியத மட்டும் நேராத. வெத வந்தது, வெளஞ்சது, எல்லாம் சரி. ஆனா அது தோட்டத்துல நின்னா கண்ணு தெளியாது, தட்டுக்கு வந்தாத்தான் தெளியும். வூட்டுல வெளயறதுல மொத கை புள்ளைக்குப் போடு. அதத்தான் ஆத்தா தனக்குப் போட்டதா எடுத்துக்கறா. எம் புள்ளைக்கு அம்மை எறங்கின அன்னிக்கு இத எனக்கு யாராச்சும் சொல்லியிருந்தா...” தனம் நிறுத்தினாள். விரலால் கொஞ்சம் கீரையை எடுத்து ஊதினாள். “புள்ளைய எம் மடியில போடு. ஆறறதுக்குள்ள ஊட்டிடறேன்.”